மஞ்சள் நூல் கட்டிய மணலை

கதவணைக்கு உள்பக்கத்தில் பிடிபட்ட அந்த மணலை மீன் கடலிலிருந்து ஏறி வந்ததா, அல்லது முதலிலிருந்தே உள்ளேதான் இருந்ததா? இந்தக் கேள்விக்கு நான் கந்தோரில் ஒரு பதில் எழுதிக் கொடுத்தேன். அது தட்டச்சாகி, கையெழுத்தாகி, அதன்படி கதவும் திறந்தது. எனக்கு மட்டும் இன்னும் பதில் தெரியாது.

என் இடத்துக்கு வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். என் குறிப்புப் புத்தகங்களைக் கேட்டிருந்தீர்கள். அனுபவத்தில் அறிந்தது வேறு ஏதும் இருந்தால் அதையும் எழுதும்படி கேட்டிருந்தீர்கள். புத்தகங்களை அனுப்புகிறேன். மூன்றாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை என் மகள் தின்றுவிட்டாள். அதில் மழை அளவு மட்டுமே இருந்தது. வைத்தியரிடம் காட்டினேன், அந்த மை ஒன்றும் செய்யாது என்றார். பிறகு இன்னொரு வைத்தியரிடமும் காட்டினேன்.

அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள். நான் ஐந்து ஆண்டு வேலை செய்து, பிள்ளை பிறந்ததும் நின்றவள். மகளுக்கு இப்போது ஒன்றரை வயது ஆகப்போகிறது. பிள்ளை வளர்ந்ததும் திரும்பி வரலாம் என்று சொன்னார்கள். அந்த இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். வருத்தம் இல்லை. ஒருத்தி செய்த வேலைக்கு இரண்டு பேரைப் போட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்தேன்.

தொண்டைமானாற்றுக் கதவணை எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் அதை எப்படி விளங்கிக்கொண்டேன் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். மாரி மழையில் ஆறு நிரம்புகிறது. அந்த நல்ல தண்ணீரை உள்ளே பிடித்து வைக்கவும், கடலின் உப்பு உள்ளே வராமல் தடுக்கவும் கதவுகள் இருக்கின்றன. மழை விட்டதும் கதவைப் பூட்டினால் வயல்காரருக்கு நிம்மதி. ஆனால் தையிலும் மாசியிலும்தான் சின்ன மணலைகள் கடலிலிருந்து உள்ளே ஏற வேண்டும். பூட்டிவிட்டால் உள்பக்கம் வீச்சுவலை போடும் குடும்பங்களுக்கு அந்த வருடம் மீன் இல்லை. அவர்கள் கேட்டது, அமாவாசைப் பெருக்கில் நாலு நாள் ஒரு கதவை ஒரு சாண் உயர்த்தி விடுங்கள் என்பதுதான். ஒரு சாண் இடைவெளியில், அந்த இழுவையில் மீன் ஏறும் என்பதை யார் கண்டது என்று வயல்காரர் கேட்டார்கள். அதைக் காண்பதற்கு என்னைப் போட்டார்கள்.

நான் வேலையில் இருந்த கடைசித் தை மாதம் பதினாறு நாள், சோதனைக்காக ஒரு கதவை ஒரு சாண் உயர்த்தி விட்டார்கள். நான் கடற்பக்கத்திலும் உள்பக்கத்திலும் அரைச்சாண் மணலைகளைப் பிடிப்பித்து, முதுகுச் செட்டையின் அடியில் ஊசியால் நூல் கோத்து, பிடித்த பக்கத்திலேயே திரும்ப விட்டேன். கடற்பக்க மீனின் நூலில் இரண்டு முடிச்சு. உள்பக்க மீனின் நூலில் ஒரு முடிச்சு. இரண்டு முடிச்சு மீன் உள்பக்கத்து வலையில் விழுந்தால், அது கதவைத் தாண்டி ஏறியது என்று அர்த்தம். ஒரு முடிச்சு மீன்களை விட்டது, வலையில் விழும் நூல் மீன்கள் எங்களிடம் வந்து சேர்கின்றனவா என்று பார்ப்பதற்காக. இதைவிட எளிமையான திட்டம் ஒன்றை நான் இன்னும் யோசிக்கவில்லை. அந்த எளிமையில் எனக்குப் பெருமை இருந்தது.

நூலை நெல்லியடியில் ஒரு புடைவைக் கடையில் நானே வாங்கினேன். சிவப்பு, உப்புத் தண்ணீரில் இரண்டு நாளில் வெளிறியது. கறுப்பு, மீனின் முதுகில் தெரியவில்லை. மஞ்சள் நன்றாகத் தெரிந்தது. நாங்கள் உடுப்பிட்டியில் மூன்று தலைமுறையாக வேதக்காரர். நான் மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எனக்கு மஞ்சள் ஒரு நிறம். ஆற்றங்கரையில் ஒரு முருகன் கோயில் இருப்பதும், நான் மீன் விடும் இடத்துக்குச் சற்று மேலே அடியார்கள் தீர்த்தமாடுவதும் எனக்குத் தெரியாத விடயங்கள் அல்ல. அவர்கள் குளித்து முடிக்கும்வரை காத்திருந்துதான் மீனை விடுவேன்.

அறிவித்தலும் ஒட்டினோம். நான் "நூல் கட்டிய மீன்" என்று எழுதியிருந்தேன். எங்கள் மேலதிகாரி அதை வெட்டி, "அடையாளமிடப்பட்ட மீன்கள் பிடிக்கப்படின் காரியாலயத்தில் ஒப்படைக்கப்படல் வேண்டும்" என்று திருத்தினார். தமிழ் நன்றாக இருந்தது. தேத்தண்ணிக் கடையிலும் சங்கக் கடையிலும் ஒட்டினோம்.

பதினாறு நாளில் ஒரு மீன்கூட வரவில்லை.

இரண்டு முடிச்சு மீன் வராதது பற்றி நான் கவலைப்படவில்லை. ஏறவில்லை போலும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான், ஒரு முடிச்சு மீனும் வரவில்லையே என்று உறைத்தது. உள்ளேயே பிடித்து உள்ளேயே விட்ட மீன். அதற்கு ஏறவேண்டிய கதவு எதுவும் இல்லை. அதே தண்ணீரில் நாள் தவறாமல் வலை விழுகிறது. உங்களுக்கு ஒரு விடயத்தில் பதில் வராவிட்டால், நிச்சயமாக வரவேண்டிய பதிலாவது வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் பதினாறு நாளும் பார்க்கவில்லை. நான் நெல்லியடியில் இறங்கிச் சந்தைக்குள் போனேன்.

அங்கே பவளமக்கா மீன் விற்பார். உள்பக்கக் கரையில் வீடு. கணவர் ஆற்றில் வீச்சுவலை போடுபவர். அவரிடம் நான் அடிக்கடி மீனின் நீளம் அளக்கப் போவேன், சிலவேளை வாங்கவும் செய்வேன்.

"என்ன பிள்ளை, இண்டைக்கு அளக்கவோ, வாங்கவோ?"

"பவளமக்கா, நூல் கட்டின மீன் ஒண்டும் கண்டனீங்களோ?"

அவர் கத்தியை வைத்தார். "மஞ்சள் நூலோ?"

"ஓம்."

"அது உங்கடையோ?"

"நான்தான் கட்டினனான்."

பக்கத்தில் இறால் விற்ற பெண் திரும்பி, "கேட்டியளோ, மிஸ் மணலைக்குத் தாலி கட்டியிருக்கிறா!" என்று சந்தைக்கே சொன்னார்.

"மாப்பிள்ளை ஆரடி?"

"ஆர், உந்தத் திருக்கைதான். வாலைப் பார், சவுக்கு மாதிரி. நல்ல குடும்பம் நடத்துவான்."

பவளமக்கா சிரிக்கவில்லை. "உங்களுக்கு உது தெரியாது பிள்ளை, நீங்கள் வேதக்காரர். மஞ்சள் நூல் எண்டால் நேர்த்தி. பிள்ளைக்குச் சுகம் வேண்டிச் சேவல் விடுறேல்லையே, கிடாய் விடுறேல்லையே? அதுமாதிரி ஆரோ கோயிலுக்கு நேர்ந்து விட்ட மீன் எண்டு நினைச்சம். வலையிலை வந்தால் கும்பிட்டுத் திருப்பி விட்டிடுவம்."

"எத்தினை விட்டிருப்பியள்?"

"எங்கடை மனிசன் மட்டும் ஏழெட்டு விட்டிருப்பார். மற்ற ஆக்கள் விட்டது வேறை."

"நூலிலை எத்தினை முடிச்சு இருந்தது?"

"நேர்த்தி நூலிலை முடிச்சு எண்ணுறவளை இண்டைக்குத்தான் காணுறன்."

"நாங்கள் நோட்டீஸ் ஒட்டினனாங்களே அக்கா."

"ஓம், வாசிச்சவை. அடையாளம் எண்டால் கந்தோர் முத்திரை குத்தியிருக்கும் எண்டு அவையள் ஒவ்வொரு மீனாப் பிரட்டிப் பிரட்டிப் பாத்தவை."

அப்போது இறால் விற்ற பெண் சொன்னார்: "மிசுக்கு என்ன நட்டம்? மீன் ஏறேல்லை எண்டு எழுதினால் கதவு பூட்டும். சீதனக் காணி ஆத்தங்கரையிலைதானே."

அது உண்மை. என் சீதனத்தில் ஆற்றோரம் ஒரு வயல் இருக்கிறது. உப்பு வந்தால் முதலில் கெடுகிற வரிசையில் உள்ள வயல். கந்தோரில் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. சந்தையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நீங்கள் நூலின் நிறம் தெரிவு செய்யும்போது மீன் பிடிப்பவரின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். அதே கண்ணால் உங்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் காலை மேலதிகாரியிடம் போனேன். அவர் பெயரை எழுதப் போவதில்லை. நல்லவர், இப்போது தெற்குப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார்.

"சேர், மீன் பிடிபட்டிருக்கு. அவையள் திருப்பி விட்டிட்டினம்."

"எத்தினை முடிச்சு?"

"அது தெரியேல்லை."

"அப்ப ஏறினது எண்டு எப்பிடித் தெரியும்?"

அவர் என் வெறும் பதிவுத் தாளைத் திருப்பித் தந்தார்.

"வெள்ளிக்கிழமை கதவுக் கூட்டத்துக்குச் சந்தைக் கதை கொண்டுபோக ஏலாது, பிள்ளை. இரண்டு முடிச்சோடை ஒரு மீன், உள்பக்கத்திலை பிடிச்சது. ஒண்டே காணும், கூட வேண்டாம். இல்லாட்டில் மீன் ஏறவில்லை எண்டு எழுதித் தாரும்."

"ஏறினதைக் காணவில்லை எண்டு எழுதலாமோ சேர்?"

"எழுதலாம். அவையள் அதை ஏறவில்லை எண்டுதான் வாசிப்பினம்."

நான் நூற்கட்டையையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு பவளமக்கா வீட்டுக்குப் போனேன். ஐந்து மாத வயிறு. அப்போது எனக்குப் பஸ் குலுங்கினாலும் பயம், குலுங்காமல் நின்றாலும் பயம். பவளமக்காவின் கணவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் முன்னால் ஒரு மீனுக்கு நூல் கோத்து, முடிச்சுப் போட்டுக் காட்டினேன். அவர்களுடைய நாலு வயது மகள் குந்தியிருந்து பார்த்தாள். மீனுக்கு நோகுமோ என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

அவர் முழுவதையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நூல் உங்கடையாத்தான் இருக்கும், பிள்ளை. ஆனால் இடையிலை உண்மையாகவே நேர்ந்து விட்டதும் ஒண்டு இருக்கலாம். எது எது எண்டு நான் எப்பிடிப் பிரிச்சறியிறது?"

அது நல்ல கேள்வி. என் திட்டத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை.

"கதவு பூட்டினால் உங்களுக்கு இந்த வருசம் மீன் இல்லையே, அண்ணை."

"ஓம்," என்றார். "போன வருசம் இவள் நெருப்புக் காய்ச்சல் வந்து தப்பினவள். கோயிலிலை கிடந்துதான் தப்பினவள். நான் அந்தப் பக்கம் கை வைக்கமாட்டன்." பிறகு வலையைத் தொடர்ந்து பொத்தினார்.

பவளமக்கா படலைவரை வந்தார். "உந்த வயித்தோடை நேர்த்தி மீனைத் தா எண்டு கேட்டு வாறியளே, உங்களுக்குப் பயமில்லையோ?"

"பயம்தான் அக்கா."

"பின்னை ஏன் கேக்கிறியள்?"

வெள்ளிக்கிழமை கூட்டம் என்றேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். எட்டு மணிக்கு நான் "காணவில்லை" என்று ஒரு தாளிலும் "ஏறவில்லை" என்று இன்னொரு தாளிலும் எழுதி வைத்துக்கொண்டு இருந்தேன். பவளமக்கா ஒரு பனையோலை உமலோடு உள்ளே வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. உமலுக்குள் ஈரச் சீலை, சீலைக்குள் மணலை. செட்டையடியில் மஞ்சள் நூல்.

"விடிய வலையிலை வந்தது. விட்டிடு எண்டு என்னட்டைத் தந்தவர். நான் விடேல்லை. மனிசனுக்குத் தெரியாது." அவர் சீலையின் நுனியைப் பிடித்தபடியே இருந்தார். "கும்பிட்டுப்போட்டுத்தான் எடுத்தனான். உங்கடை நூலோ எண்டு பாருங்கோ. இது காணுமோ?"

நூல் என்னுடையதுதான். அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. முடிச்சை நான் இடப்பக்கமாகச் சுற்றித்தான் போடுவேன்.

மேசையில் வைத்துக் கைவில்லையால் பார்த்தேன். ஒரு முடிச்சு தெளிவாக இருந்தது. இரண்டாவது முடிச்சு இருக்கவேண்டிய இடத்தில் நூல் பிய்ந்து பஞ்சாகியிருந்தது. பஞ்சுக்குள் ஒரு சின்னத் தடிப்பு. அது முடிச்சின் மிச்சமாக இருக்கலாம். பாசி திரண்டதாகவும் இருக்கலாம். நன்றாகப் பார்ப்பதற்காக ஊசி முனையால் தொட்டேன். தடிப்பு இல்லாமல் போய்விட்டது. அவிழ்ந்ததா, கரைந்ததா என்று தெரியாது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது: ஒரேயொரு ஆதாரம் இருந்தால், அதைத் தொடுமுன் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நீங்கள் இருவர் இருக்கிறீர்கள். என்னோடு அந்த அறையில் இருந்தது பவளமக்கா. அவர் நூலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் நான் என்ன நினைத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் தன் பிள்ளைக்குப் பாவம் வரும் என்று பயந்துகொண்டே அந்த மீனைக் கொண்டுவந்தார், கேட்டவள் நான். இது ஒன்று. ஒரு முடிச்சு என்று எழுதினால், காணிக்காரி தன் வேலையைக் காட்டிவிட்டாள் என்று சந்தை சொல்லும். இது இரண்டாவது. மணலை ஏறுகிறது என்று நான் மனதார நம்பினேன் என்பது மூன்றாவதாகத்தான் வருகிறது. அதை முதலில் வைத்துப் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். சரியாக வருவதில்லை.

"ஓம் அக்கா, காணும்," என்றேன்.

இரண்டு தாளையும் கிழித்துவிட்டு, மூன்றாவது தாளில் "முடிச்சு: இரண்டு" என்று எழுதினேன். மேலதிகாரி வந்து வாங்கிப் பார்த்தார்.

"இரண்டோ?"

"இரண்டு, சேர்."

"நல்லது." தாளைக் கொண்டுபோனார். மீனைப் பார்க்கவில்லை. மீனை நான் போத்தலில் மருந்தில் போட்டு வைத்தேன். கந்தோர் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. போய்ப் பார்க்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். நூலின் பஞ்சு முழுவதும் உதிர்ந்துவிட்டது. வேலையை விடும்வரை நான் அதைப் பார்க்காத நாள் குறைவு.

கூட்டத்தில் அனுமதி கிடைத்தது. தையிலும் மாசியிலும் அமாவாசைக்கு நாலு நாள், ஒரு கதவு, ஒரு சாண், இரண்டு வருடத்துக்கு. இரண்டு வருடமும் உள்பக்கத்தில் மணலை பிடிபட்டது. திறந்ததால் பிடிபட்டதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். முதல் வருடம், சோதனை முடிந்தது என்று விட்டார்கள். இரண்டாம் வருடம் நூல் கட்டிப் பார்க்கக் கந்தோரில் ஆள் இல்லை. நான் பிள்ளைக்குக் கொதிதண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தேன்.

மகள் பிறந்து முப்பத்தோராம் நாள் எனக்குப் பால் ஊறட்டும் என்று பவளமக்கா பால்சுறா மீன் கொண்டுவந்தார். பிள்ளையை உடனே தூக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நின்று கேட்டார்: "பிள்ளை, அண்டைக்கு நான் கொண்டந்தது நேர்த்தி மீன் இல்லைத்தானே?"

"இல்லை அக்கா. அது என்ரை நூல். சத்தியம்."

"எங்கடையவள் சுகமாத்தான் இருக்கிறாள். எண்டாலும் ஒரு ஐமிச்சம்." பிறகு பிள்ளையைத் தூக்கினார். நான் இந்த வேலை தொடர்பாக முழு நிச்சயத்தோடு சொன்ன பதில் அது ஒன்றுதான்.

இந்த ஆவணியில் வயலைப் பார்க்கப் போனேன். ஆற்றுப் பக்கத்து இரண்டு பாத்தியும் முளைக்கவில்லை. மண்ணில் வெள்ளை பூத்திருந்தது. "உப்புத்தான்," என்றார் அப்பா. ஒரு மண்கட்டியை எடுத்து நசித்துவிட்டு, "மழையும் குறைவுதானே," என்றார். என் பக்கம் திரும்பவில்லை. கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபி என்றார். ஜெபித்தேன். பாத்தி அப்படியே இருக்கிறது.

ஐப்பசியில் அந்த அனுமதி மறுபடி கூட்டத்துக்கு வருகிறது. உங்கள் சோதனை தையில்தான் தொடங்கும். ஆகவே ஐப்பசியில் மேசையில் இருக்கப்போகும் ஆதாரம் நான் எழுதிய அந்த ஒரு வரிதான். "இரண்டு" என்பதை "நிச்சயமில்லை" என்று திருத்தினால், இந்த வருடம் கதவு பூட்டும். பவளமக்கா வீட்டிலும் அந்தக் கரையில் உள்ள மற்ற வீடுகளிலும் மீன் இராது. என் வயல் முளைக்கும். அது பிறகு என் மகளுக்குப் போகும். அன்று காணிக்காரி என்ற பெயருக்குப் பயந்து இரண்டு என்று எழுதினேனோ என்று சந்தேகம். இன்று திருத்த நினைப்பது உண்மைக்காகவா, இரண்டு பாத்திக்காகவா என்று அதைவிடப் பெரிய சந்தேகம். திருத்தாமல் விட நினைக்கும்போது, மீன்காரருக்காக விடுகிறேனா, என் பெயருக்காக விடுகிறேனா என்று வருகிறது. எந்தப் பக்கம் போனாலும் எனக்கு ஏதோ ஒன்று கிடைத்துவிடுகிறது.

திருத்தக் கடிதத்தை எழுதிக் கையெழுத்தும் வைத்து இதனுடன் அனுப்புகிறேன். திகதி இடவில்லை. அதைக் கந்தோரில் கொடுப்பதா, விடுவதா என்று இருவரும் தனித்தனியே யோசித்து, தனித்தனியே எனக்கு எழுதுங்கள். கொடுக்க வேண்டும் என்றால் திருப்பி அனுப்புங்கள். நானே வந்து என் கையால் கொடுக்கிறேன். உங்களில் யாருக்காவது ஆற்றங்கரையில் காணி இருந்தால், பதிலில் அதையும் தயவுசெய்து எழுதிவிடுங்கள்.